இடது தாடை

அன்று காலை முனிரத்தினம் அண்ணன் வந்தபோது நான் ஒரு யானைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் சொல்யூஷன் காய்வதற்குள் காதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எழுந்திருக்கவில்லை. "உக்காருண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

வெயில் காலம். சித்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறைதான் என் பட்டறை. சுவரோரம் முழுக்க ஃபோம் கட்டிகள் அடுக்கியிருக்கும். வெயில் ஏற ஏற அவற்றின் வாசனை தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவர் ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டார். கழுத்திலிருந்து கண்ணுக்குக் கீழ்வரை சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

இடது பக்கத்துத் தாடை இல்லை. காதுக்குக் கீழே முகம் உள்ளே விழுந்திருந்தது. மார்பிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் வேறு நிறமாக இருந்தது. அதில் மார்பு முடி இரண்டு மூன்று முளைத்திருந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மூடாமல் நின்றது. அந்த ஓரத்தில் எச்சில் வழிய, துண்டின் நுனியால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

"இத்த செய்" என்றார்.

அப்போது அவர் பேசியதை அப்படியே எழுத்தில் கொண்டுவர முடியாது. நாக்கிலும் பாதி போயிருந்தது. உதடு சேர வேண்டிய எழுத்து ஒன்றுகூட வராது. பல வருஷம் அவர் குரலோடு வேலை செய்தவள் என்பதால் எனக்கு ஏறக்குறைய விளங்கும். விளங்கியதை எழுதுகிறேன்.

"எத்தண்ணா?"

"என் மூஞ்ச. பொம்மையா செய்."

யானைக் காது என் விரலோடு ஒட்டிக்கொண்டது.

சிரிக்காத முகம்

பொம்மைக்குக் கண் வைப்பது பற்றி இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பிங்பாங் பந்தைப் பாதியாக அறுத்து வைத்தால் எந்தப் பொம்மையும் சிரிப்பது போலவே தெரியும் என்று சொல்லியிருந்தேன். திருத்தணியிலிருந்து ஒரு வாசகி, "சிரிக்காத முகம் ஒன்றுகூட நீங்கள் செய்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். ஒன்று செய்திருக்கிறேன். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

எங்கள் நைனா சோபா வேலை செய்தவர். பழைய சோபாவைப் பிரித்து, புது ஃபோம் வைத்து, ரெக்சின் தைத்துக் கொடுப்பார். வீட்டில் மிச்சத் துண்டுகள் எந்நேரமும் கிடக்கும். எங்கள் சபையில் கோடை லீவில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். அதற்காக நான் முதலில் செதுக்கியது பைபிளில் யோனாவை விழுங்கிய மீன். ஆட்டும்போது அதன் வாய் கிழிந்துவிட்டது. பிள்ளைகள் அதற்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

ஃபோமில் தலை செதுக்குவது மரத்தில் செதுக்குவது போல அல்ல. கத்தியை அழுத்தினால் ஃபோம் அமுங்கிக்கொடுக்கும், வெட்டுப்படாது. கூரான பிளேடை அழுத்தாமல் நீளமாக இழுக்க வேண்டும். கட்டியின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் கன்னம் எடுத்தால் அந்தப் பக்கமும் அதே அளவு எடுக்க வேண்டும். பிறகு கத்தரிக்கோலால் சிறிது சிறிதாகக் கடித்து எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே துணி போர்த்தித் தைக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் தூள் மூக்கிலும் இமையிலும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் பெரிய கவலை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு கவலையோடுதான் பிளேடு பிடித்திருந்தேன்.

ஒரே தொண்டை

முனிரத்தினம் அண்ணன் கார்வேட்டிநகரம் பக்கத்துக்காரர். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கடைத் திறப்பு, சர்க்கஸ், கண் சிகிச்சை முகாம் என்று ஊர் ஊராக அறிவித்துக்கொண்டிருந்தவர். திருப்பதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில்தான் எங்கள் இருவருக்கும் பழக்கம். தலைகள் என்னுடையவை, குரல்கள் அவருடையவை.

கிழவி, குழந்தை, எஸ்.ஐ., கொசு, கழுதை எல்லாம் அந்த ஒரே தொண்டையிலிருந்து வரும். விஜயபுரம் பக்கம் போனால் கழுதை தமிழில் பேசும். சித்தூரைத் தாண்டினால் தெலுங்குக்கு மாறிவிடும். எல்லைப் பள்ளிக்கூடங்களில் பாதி வாக்கியம் அதில், பாதி இதில். பிள்ளைகள் பெஞ்சில் அடித்துச் சிரிப்பார்கள்.

அவர் கன்னத்தில் எந்நேரமும் புகையிலைப் பொட்டலம் இருக்கும். இடது கன்னம்தான். குழாய் நட்டுக் கறுப்புத் துணி கட்டிய எங்கள் மேடைக்குப் பின்னால் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு, இரண்டு குரல்களுக்கு நடுவே அதில் துப்புவார்.

எங்கள் நிகழ்ச்சிகளில் ஒன்று புகையிலை வேண்டாம் என்பது பற்றியது. அதில் டாக்டர் பொம்மைக்கும் அவர்தான் குரல். புகையிலையை நாக்கால் ஓரம் தள்ளிவிட்டு, கணீரென்று, "பிள்ளைகளே, இதைத் தொடாதீர்கள்" என்பார். நான் பக்கத்தில் நோயாளிப் பொம்மையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

"ஏண்ணா, வாயில வெச்சிக்கினே சொல்றியே" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாயில வெச்சிக்கினு சொன்னாதாம்மா கொரல் கணீர்னு வருது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவர் வாய் திறப்பது குறைந்தது. முதலில் இட்லியைப் பிட்டுப் பிட்டு உள்ளே தள்ளினார். அப்புறம் இரண்டு விரல்கூட நுழையவில்லை. மேலே பொம்மையின் வாய் முழுசாகத் திறந்து மூட, கீழே அவர் பல்லைக் கடித்துக்கொண்டே குரல் கொடுப்பார். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. "பல்லு வலி" என்றார். "சூடு" என்றார். கன்னம் வெளியே வீங்கி உடைந்த பிறகுதான் அவர் மனைவி கஸ்தூரி அவரை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

தாடையை எடுத்தார்கள். பொம்மைகளுக்குக் குரல் கொடுக்க வேறொரு பையன் வந்தான். அண்ணன் வீட்டிலேயே இருந்தார். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவதாகக் கஸ்தூரி போனில் சொன்னாள். நான் பார்க்கப் போனபோதெல்லாம் துண்டைக் கட்டிக்கொண்டே சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அந்த மனிதர்தான் வெயிலில் இரண்டு பஸ் மாறி என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்போ வெட்டு"

"என்னால முடியாதுண்ணா" என்றேன்.

"ஏன்?"

"வாணாம்ணா. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"இப்போ மட்டும் சிரிக்காமயா கீறாங்க? உன் நோயாளி பொம்மைக்கு கன்னத்துல செவப்பு பெயிண்டு அடிச்சி வெச்சிக்கீற. ஜாம் தடவின மாதிரி கீது. அத்த பாத்து எவன் பயப்படுவான்? நானே பயப்படலையே."

அவர் எச்சிலை ஒற்றிக்கொண்டு மறுபடியும் பேசினார்.

"பாப்பா என்ன பாக்க மாட்டேங்குது, எஸ்தரு. தட்ட எடுத்துக்கினு அடுத்த ரூமுக்கு போயி துன்னுது. நான் கூப்ட்டா தரைய பாத்துக்கினு இன்னா நைனான்னு கேக்குது. பொம்மைன்னா பாக்கும் இல்ல?"

பாப்பா என்றது அவர் மகள் பவித்ராவை. அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஆரம்பித்துவிட்டேன். முதலில் முழு முகத்தைச் செதுக்கினேன். எனக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது. நடுக்கோடு, நெற்றி, மூக்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கன்னம். ஆபரேஷனுக்கு முந்தைய அண்ணன் மனதில் இருந்ததால் பிளேடு தானாகப் போனது. அவருக்கு மேலுதடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தாடை அகலம். மைக் பிடித்தவர்களுக்கு உரிய அந்தத் தலை நிமிர்வும் எப்படியோ வந்துவிட்டது.

அவர் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். முகம் முடிந்த அன்று தலையைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் அதன் இடது தாடையைத் தடவினார். ஃபோம் அமுங்கி, விட்டதும் எழுந்தது. மறுபடியும் அமுக்கினார்.

"நல்லா கீறேன் இல்ல?" என்றார்.

"நல்லா கீறண்ணா."

தலையை மேஜைமேல் வைத்தார். "இப்போ வெட்டு."

பிளேடை எடுத்தேன். எங்கே வெட்ட வேண்டும் என்று கண் எதிரே இருக்கிறது. காதுக்குக் கீழிருந்து முகவாய் வரை ஒரு இழுப்பு. கை நகரவில்லை. "துணிய கொஞ்சம் உள்ள இழுத்து தச்சிட்டா போதும்ணா, அதே மாதிரி தெரியும்" என்றேன்.

"டாக்டரு அப்படியா செஞ்சாரு?"

என் கையிலிருந்து பிளேடை வாங்கிக்கொண்டார். பொம்மையின் நெற்றியை இடது கையால் அழுத்திப் பிடித்தார். எத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர்! அழுத்தாமல் நீளமாக இழுத்தார். துணி கிழிவது போல மெல்லிய ஒரு சத்தம். தாடை தனியாக வந்து மேஜைமேல் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் துண்டை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நான் பின்னாலேயே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து, வெட்டிய இடத்தைக் கத்தரிக்கோலால் சரிசெய்தேன். சரிசெய்ய என்ன இருந்தது? சுத்தமான வெட்டு.

துணி போர்த்தும்போது அந்தப் பள்ளத்துக்கு மட்டும் வேறு நிறத் துண்டு வைத்துத் தைத்தேன்.

அந்த வாரமே கஸ்தூரி வந்தாள். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். புடவைக் கரையில் செம்மண். அலமாரியிலிருந்த தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, உனுக்கு மனசு இன்னா கல்லா? ஊர்ல போறவன் வர்றவன்லாம் வேடிக்க பாக்கறது போதலையா? இஸ்கூலு இஸ்கூலா எடுத்துக்கினு போயி வேற காட்டணுமா?"

"அவருதான் கேட்டாரு, கஸ்தூரி."

"அவுரு கேப்பாரு. அவுரு பொட்டலம் கேட்டப்ப நானும்தான் வாங்கியாந்து குடுத்தேன். கேட்டாருன்னு குடுத்துர்றதா?"

தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தண்ணீர்

முதலில் காட்டியது விஜயபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில். அந்தப் பொம்மைக்கு வாய் திறந்து மூடும் அட்டை நான் வைக்கவில்லை. வசனமும் கிடையாது. அண்ணனே ஆட்டினார்.

பொம்மை காலையில் எழுந்திருக்கும். பல் தேய்க்கப் பார்க்கும், முடியாது. இட்லியை எடுக்கும், வைத்துவிடும். ஒரு சின்ன டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கும். நிஜத் தண்ணீர்தான். பள்ளத்துக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தேன். தண்ணீர் இடது பக்கமாக வழிந்து சட்டையில் இறங்கும்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பொம்மை என்றால் சிரிக்கத்தானே பழக்கியிருக்கிறோம்!

கடைசியில் பொம்மை மகளைக் கூப்பிடும். அதற்கு மட்டும் அண்ணன் குரல் கொடுத்தார். "பாப்பா" என்று. ப வராத வாயிலிருந்து அது வேறு ஏதோவாக வந்தது. மாடு அடித்தொண்டையில் முனகுவது போல. அதற்கும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது சிரிப்பு குறைந்தது.

மூன்றாவது தடவை அவர் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையில் பொம்மை. முகத்தில் துண்டு இல்லை.

முன்வரிசையில் ஒரு சிறுமி கையால் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள். அண்ணன் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைத் தானே குடித்துக் காட்டினார். அதுவும் அதே வழியில் வழிந்தது.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர் என்னிடம் தெலுங்கில், இவ்வளவு வேண்டாம் அம்மா, சின்னப் பிள்ளைகள் ராத்திரி தூங்க மாட்டார்கள் என்றார். பேசும்போது அவர் கை சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது என்ன பொட்டலம் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்தது.

அந்த நாட்களில் அவர் பழையபடி ஆனார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாமல் உட்கார்ந்து வந்தார்.

பொம்மையோட பொண்ணு

பள்ளிகளின் வரிசையில் பவித்ராவின் பள்ளியும் வந்தது. அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அண்ணன் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானும் அந்தப் பள்ளியை விட்டுவிடச் சொன்னேன்.

விட்டு என்ன பயன்? பக்கத்து ஊர்ப் பள்ளியில் பார்த்த பிள்ளைகள் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். ஒரு பையன் உதட்டைக் கோணலாக இழுத்துக்கொண்டு அந்தக் குரலில் "பாப்பா" என்று கூப்பிட்டிருக்கிறான். மறுநாள் வகுப்பே கூப்பிட்டது. "பொம்ம கூத்துரு" என்று தெலுங்கில் ஒரு கூட்டம், "பொம்மையோட பொண்ணு" என்று தமிழில் ஒரு கூட்டம். அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள்.

அண்ணன் பட்டறைக்கு வந்து தலையை அலமாரியில் வைத்தார். "போதும் எஸ்தரு" என்றார். "நான் இன்னா நெனச்சேன், இன்னா ஆய்ப்போச்சி பாரு."

நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே எச்சிலை ஒற்றிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டில் லேசாக ரத்தம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நோய் கழுத்துக்கு இறங்கியிருந்தது. வேலூரில் இனி ஆபரேஷன் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் வைத்து, அதில்தான் கஞ்சி.

நான் கடைசியாகப் போனபோது கஸ்தூரி வயலுக்குப் போயிருந்தாள். கட்டிலோரம் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் ராகிக் கஞ்சியை உறிஞ்சி, குழாயில் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். அறை முழுக்கப் புண்ணின் நாற்றம். அவள் மூக்கை மூடவில்லை.

"ஆட்டாத நைனா. சிந்துது பாரு" என்று அதட்டினாள். அவர் கன்னத்தில் வழிந்ததைத் தன் தாவணியால் துடைத்தாள். முகத்தைப் பார்த்துத்தான் துடைத்தாள். பார்க்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

அண்ணன் என்னைப் பார்த்தார். கஞ்சி உள்ளே போகப் போகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் போறியாமா?" என்று கேட்டேன்.

"அப்புறம் போறேன் அத்த. இப்ப யாரு இத்த பாக்கறது?" என்றாள்.

அடுத்த அறுவடைக்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.

கடைசி வரிசை

அவர் காரியம் முடிந்து சில மாதங்கள் கழித்துக் கஸ்தூரி போன் செய்தாள். பவித்ரா அந்தப் பள்ளியை விட்டுவிட்டு, புத்தூரில் தன் சித்தி வீட்டிலிருந்து படிக்கிறாள் என்று சொன்னாள்.

"அக்கா, அந்தத் தல கீதா?"

"கீது."

"யாருனா ஆட்டறாங்களா?"

"நான்தான் ஆட்டறேன். அவரு கூப்பிடற எடம் மட்டும் செய்யறதில்ல. வரல எனக்கு."

"எங்க செய்யற?"

அடுத்த வாரம் காணிப்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளி. வருவாள் என்று நான் நினைக்கவில்லை. மேடைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வரிசைத் தரையில் போய் உட்கார்ந்தாள்.

பொம்மை எழுந்தது. பல் தேய்க்கப் பார்த்தது. இட்லியை வைத்துவிட்டது. டம்ளரை எடுத்தது. துணியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தேன். தண்ணீர் வழியும்போது பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்தார்கள். கஸ்தூரி எழுந்து வெளியே போனாள்.

நான் முடித்துக்கொண்டு வந்தபோது சித்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பொம்மைப் பையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் ஆறவில்லை, இந்தத் தலையைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள், கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஊர் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ தப்பா செய்யறக்கா."

"எது கஸ்தூரி?"

"தண்ணி குடிக்கறது. அவ்ளோ மெதுவா குடிக்க மாட்டாரு. வழிஞ்சிரும்னு தெரியும் இல்ல, அவசர அவசரமா குடிப்பாரு. யாராவது பாக்கறதுக்குள்ள."

டம்ளர் இல்லாத கையை உயர்த்தி, தலையைச் சட்டென்று பின்னால் சாய்த்து, எப்படி என்று காட்டினாள். எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பொருட்படுத்தவில்லை. எனக்கு விளங்கியதா என்று என் முகத்தைப் பார்த்தாள். விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் ஒருமுறை செய்து காட்டினாள்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். பிள்ளைகள் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிக்கிறார்கள். பிறகு நிறுத்திவிடுகிறார்கள்.